நாற்பத்தெட்டு மில்லிமீட்டர்

இடப்பக்கச் சக்கரங்களுக்கு நடுவில் ஒரு தூரம்,
வலப்பக்கச் சக்கரங்களுக்கு நடுவில் இன்னொரு தூரம்.
வித்தியாசம் நாற்பத்தெட்டு மில்லிமீட்டர்.
விபத்தில்லை. பிறவி.
பிரான்சில் எவனோ மேசைமேல் குனிந்து
இப்படித்தான் என்று கோடு கிழித்திருக்கிறான்
நான் பிறப்பதற்கு முன்பே.

ரெனோ நாலு. இளநீர்ப் பச்சை.
விற்றவர் ஹாஷிம், ஓய்வுபெற்ற நில அளவையாளர்.
பேராக்கின் பாதிக் காட்டை அளந்த மனுஷன்
சொந்தக் காடியையும் அளந்து வைத்திருந்தார்.
முதலில் குறையைச் சொன்னார்,
அப்புறம்தான் விலையைச் சொன்னார்.
அந்த வரிசைக்காகவே வாங்கினேன்.

"வளைஞ்ச காடியை உன் தலையில கட்டிட்டாரு"
என்றார் வீட்டுக்காரர் சந்திரகாசன்.
பீடோர் முழுக்க அதே பேச்சு.

நான் செம்பனை ஆலையில் எடைமேடைக் கிளார்க்.
குலை லோரிகள் மண்ணும் மழைநீரும் சுமந்துவந்து
எண்ணெய் என்று சொல்லும்;
நான் கிலோவில் எழுதுவேன்.
ஒருநாள், கூட்டமில்லாத மத்தியானம்,
காடியையும் மேடையில் ஏற்றினேன்.
அறுநூற்று எண்பது.
எண்ணெய்க்குலை வரத்தில் சேர்க்கவில்லை.

கியர் டாஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும்
குடைக் கைப்பிடி மாதிரி.
தள்ளி, இழுத்து, கொஞ்சம் திருகி.
எண்ணெய் முள் எப்போதும் பாதியில்.
டேங்க் நிறைந்தாலும் பாதி, வற்றினாலும் பாதி.
அதனால் விரல்முட்டியால் தட்டிக் கேட்பேன்
பலாப்பழம் வாங்குகிறவளைப்போல.
மழை பெய்தால் வினோஷா தன் பள்ளிக் காலணியை
பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்துக்கொள்வாள்,
வெறுங்காலைத் தண்ணீரில் விட்டு
தவளை இருக்கிறதா என்று பார்ப்பாள்.
ஒருமுறை இருந்தது.

ஆக்சிலரேட்டர் வயர் ஹோண்டா கப்பினுடையது.
ரேடியேட்டர் மூடி யாருடைய லோரியிலிருந்து வந்தது என்று
கேட்க வேண்டாம் என்றான் ஆ கியோங்.
கேட்கவில்லை.
அவன் பட்டறையில் காத்திருக்க ஒரே நாற்காலி,
அதுவும் ஏதோ வோல்வோவின் பின்சீட்.
அதில் உட்கார்ந்து பிரெஞ்சுக் கையேட்டைப் புரட்டுவேன்.
ஓர் எழுத்து தெரியாது.
படங்கள் மட்டும் பழகிவிட்டன,
சொந்தக்காரர் வீட்டு ஆல்பம்போல.

பெயர் மாற்ற ஈப்போவுக்குப் போனோம்.
புஸ்பகோம், மூன்றாம் பாதை.
இளைஞன். சட்டைப்பையில் பெயர் அஸ்ருல்.
ஒருபக்கம் டேப்பை வைத்தான். மறுபக்கம் வைத்தான்.
மறுபடி முதல் பக்கம்.
"பெங்கோக், காக்" என்றான்.
பெங்கோக் இல்லை, தம்பி, பிறவி என்று
எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்.
கையேட்டின் நாற்பத்தோராம் பக்கத்தை விரித்தேன்.
அதில் இரண்டு அம்புக்குறி, இரண்டு எண்.
எண்ணுக்கு எந்த மொழி?

அவன் குழிக்குள் இறங்கினான்.
டார்ச் வெளிச்சம் அடியில் அலைந்தது.
பின்னால் நின்ற வேன்காரன் ஹார்ன் அடித்தான்.
அஸ்ருல் வெளியே வரவில்லை.
முறுக்குக் கம்பிகள் இரண்டும்
பக்கத்துப் பக்கத்தில் படுத்திருப்பதை,
ஒன்றுக்கு இடம்விட்டு மற்றது
பின்னால் தள்ளிப் போயிருப்பதை
விரலால் தொட்டுப் பார்க்கிறான் என்று
எனக்குத் தெரிந்தது, நான் பார்க்காமலே.

மேலே வந்தபோது நெற்றியில் கிரீஸ்.
கூட வேலை செய்கிறவனைக் கூப்பிட்டான்.
அவன் இன்னொருவனைக் கூப்பிட்டான்.
மூன்று பேர் குழிக்குள்.
இந்த வயதில் எனக்குப் பெருமையாக இருந்தது,
என் பிள்ளை மேடையேறியதுபோல.

சேஸி: தேர்ச்சி.
பிரேக்: தேர்ச்சி, கையெழுத்தில் கொஞ்சம் தயக்கம்.
ஹார்ன்: தோல்வி.
அழுத்தினேன். ஒன்றுமில்லை.
முழு உள்ளங்கையால் அழுத்தினேன். ஒன்றுமில்லை.
"பத்து நாளைக்குள் திரும்ப வாங்க, காக்"
என்றான், என்னைவிட வருத்தமாக.

கம்பார் சிவப்பு விளக்கில்,
யாரும் தொடாமல்,
அது அலறத் தொடங்கியது.
பச்சை விழுந்தும் நிற்கவில்லை.
கோழிச்சோற்றுக் கடையில் எல்லோரும் திரும்பினார்கள்.
சந்திரகாசன் ஜன்னலை நகர்த்தி மூடினார், தலையைக் குனிந்துகொண்டார்.
நான் இரண்டாவது கியருக்குத் திருகினேன்.
தாப்பா வரை கத்திக்கொண்டே வந்தோம்.